புதுத்தார்ச் சாலை: குற்றம் டிரைவர் மேல் மட்டும்தானா?

இரவு ஷிப்டு முடிந்து மில்லை விட்டு வெளியே வருகிறார் ஒரு தொழிலாளி. நேற்று வரை குண்டும் குழியுமாகக் கிடந்த சாலை இன்று கன்னங்கரேலென்று இருக்கிறது. "ஒரு வழியாக நம் சாலைக்கும் விடிவு காலம் பிறந்தது" என்று மகிழ்ச்சியோடு மொபெட்டை முடுக்குகிறார். முதல் திருப்பத்திலேயே, ஒட்டாமல் கிடக்கும் பொடி ஜல்லி சக்கரத்தின் அடியில் கேழ்வரகு கொட்டினாற்போல் உருளுகிறது. வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். பின்னால் லாரி எதுவும் வராமலிருந்தால் முழங்காலும் முழங்கையும் தேய்ந்ததோடு போயிற்று. வந்தால்?

போலீசார் வருகிறார்கள். "அதிவேகம், கவனக்குறைவு" என்று எழுதுகிறார்கள். விழுந்தவர் மேல் எழுதுவார்கள். பின்னால் வந்த லாரி டிரைவர் மேல் எழுதுவார்கள். ஜல்லியை வாரிக் கொட்டிவிட்டுப் பெருக்காமல் போனவர் பேர் அந்தக் காகிதத்தில் ஏறுவது அபூர்வம்.

தமிழ்நாட்டில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் யார்? நம் வாசகர்களில் எத்தனை பேர் உடம்பில் இதன் வடு இருக்கிறது! ஆகவேதான் இந்த விஷயத்தைச் சிறு விஷயமென்று ஒதுக்காமல் இந்த வாரம் எடுத்துக்கொள்கிறோம்.

தார் பூசுவது எதற்காக?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சாலைக்கு மேல்பூச்சுப் பூசுவதை நாம் எதிர்க்கவில்லை. பூச வேண்டும், காலத்தில் பூச வேண்டும் என்றே சொல்கிறோம்.

நாம் தார் என்று சொல்வது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் அடியில் தங்கும் பிட்டுமன். வெயிலும் காற்றும் பட்டு வருஷக்கணக்கில் அது வறண்டு போகிறது. பசை குறைந்து வெடிப்பு விடுகிறது. வெடிப்பின் வழியே மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அடியிலுள்ள மண்ணும் கப்பியும் இளகுகின்றன. மேலே பாரவண்டி போகப் போகப் பள்ளம் விழுகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் குடிசைக்குக் கூரை மாற்றுகிறோமே, அதே வேலைதான் சாலைக்கு இந்த மேல்பூச்சு. சாலைக்காரர்கள் இதைச் 'சீல் கோட்' என்கிறார்கள். கூரையை மாற்றத் தவறினால் சுவரையே கட்ட வேண்டி வரும். பூச்சுப் பூசத் தவறினால் சாலையையே பெயர்த்துப் போட வேண்டி வரும். செலவு பல மடங்கு.

பூச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. டயருக்குப் பிடிப்புக் கொடுப்பது. தாருக்கு மேலே தலைநீட்டி நிற்கும் கல்லின் கூர்முனைகள்தான் டயரைப் பற்றிக்கொள்கின்றன. மழை பெய்தால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சந்துகளில் தண்ணீர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். சந்து இல்லையென்றால் டயர் தண்ணீர் மேலேயே மிதக்கும். அப்போது பிரேக்கும் கேட்காது, ஸ்டியரிங்கும் கேட்காது.

ஆகவே தண்ணீரை உள்ளே விடக்கூடாது, டயரைக் கைவிடக்கூடாது என்ற இரண்டு காரியங்களையும் செய்தால்தான் அது நல்ல பூச்சு. சாலை கறுப்பாக இருக்கிறது என்பதனால் மட்டும் அது நல்ல சாலை ஆகிவிடாது.

புத்தகத்தில் இருக்கிறது, சாலையில் இல்லை

இந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பது ரகசியமல்ல. மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலை இலாகாவின் நிபந்தனைப் புத்தகத்தில் அது அச்சடித்து இருக்கிறது. தாரைத் தெளித்து, அதன்மேல் பொடி ஜல்லியைத் தூவி உருட்டுகிற வகைக்கு, 10 சதுர மீட்டருக்கு 9.8 கிலோ தார் என்று கணக்கு. மழையிலோ, ஈரத்தரையிலோ, தூசி படிந்த தரையிலோ பூசக்கூடாது. ஜல்லி சுத்தமாக இருக்க வேண்டும். தூவிய கையோடு 8 முதல் 10 டன் எடையுள்ள ரோலர் ஓட வேண்டும்.

இந்தக் கணக்கில் கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. தார் குறைந்தால் ஜல்லி ஒட்டாது. வண்டி போகும்போது தெறித்துப் பின்னால் வருகிறவர் முகத்தில் அடிக்கும். திருப்பங்களில் குவிந்து சைக்கிளைச் சறுக்கிவிடும். தார் கூடினால் கத்திரி வெயிலில் அது இளகி மேலே பொங்கும். கல்லெல்லாம் அதில் முழுகிப்போகும். கண்ணாடிபோல் மினுமினுக்கும் அந்தத் தார்ப்பட்டை மேல் நாலு தூறல் விழட்டும். எண்ணெய் தடவிய வழுக்குமரம்தான்!

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3.75 மீட்டர் அகலமுள்ள கிராமச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு 3,750 சதுர மீட்டர். நிபந்தனைப்படி வேண்டிய தார் 3,675 கிலோ. ஒவ்வொரு 10 சதுர மீட்டரிலும் ஒரே ஒரு கிலோவை மிச்சம் பிடித்தால், ஒரு கிலோமீட்டருக்கு 375 கிலோ தார் மிச்சம். அந்த மிச்சம் யார் பைக்குப் போகிறது? அதன் விலையை யார் எலும்பு கொடுக்கிறது? கண்பார்வைக்கு இரண்டு சாலையும் அன்றைக்கு ஒரே கறுப்பாகத்தான் தெரியும். வித்தியாசம் பத்து நாளில் தெரியும். திருப்பத்தில் விழுந்தவருக்கு மறுநாளே தெரியும்.

மறுநாள் வேலைதான் உயிரைக் காக்கும் வேலை

அதே புத்தகத்தில் இன்னொரு நிபந்தனை இருக்கிறது. அதை ஒவ்வொரு தொழிலாளியும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். இவ்விதம் தார் தெளித்து ஜல்லி தூவிய சாலையில் மறுநாள் வரை வண்டியே விடக்கூடாது. விசேஷக் காரணத்தால் அன்றே விடவேண்டி வந்தால், மறுநாள் வரை மணிக்கு 16 கிலோமீட்டருக்கு மேல் எந்த வண்டியும் போகாதபடி கண்டிப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதினாறு கிலோமீட்டர்! சைக்கிளின் வேகம்! ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஜல்லி தாரில் பதிந்து இறுகும் வரை அது சாலையல்ல, கொட்டிக் கிடக்கும் கற்குவியல், அதனால்தான். பிடிப்பு பாதியாகக் குறைந்தால் பிரேக் போட்டபின் வண்டி ஓடும் தூரம் இரண்டு மடங்காகும். வேகம் இரண்டு மடங்கானால் அந்தத் தூரம் நான்கு மடங்காகும். ஒரே சாலையில் 16 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியைவிட 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி பிரேக் போட்டபின் 14 மடங்கு தூரம் ஓடித்தான் நிற்கும். இது இயற்கையின் கணக்கு. இதில் யாருக்கும் சலுகை கிடையாது.

இந்த நிபந்தனையை நிறைவேற்ற என்ன வேண்டும்? சாலையின் இரண்டு முனையிலும் பலகை வைத்து, கொடி பிடிக்க ஆள் நிறுத்த வேண்டும். இரவில் விளக்கு வேண்டும். ஜல்லி இறுகியபின் ஒட்டாத ஜல்லியைப் பெருக்கி அள்ளக் கூலியாட்கள் வேண்டும். பெரிய யந்திரம் எதுவும் வேண்டாம். நாலைந்து பேருக்கு இரண்டு மூன்று நாள் கூலி. அந்தக் கூலியைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்! மார்ச் 31-க்குள் பில் போட வேண்டும் என்ற அவசரத்தில் ரோலர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. பலகையும் இல்லை, துடைப்பமும் இல்லை. தார் பூசிய நாளுக்குப் பில் உண்டு. மறுநாளைக் கேட்பார் இல்லை.

சாவுக் கணக்கு

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் 4,61,312 சாலை விபத்துக்கள் நடந்தன. 1,68,491 பேர் மாண்டனர் என்று மத்திய சர்க்காரின் அறிக்கையே கூறுகிறது. மணிக்குப் பத்தொன்பது சாவு! விபத்துக்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடு அந்த ஆண்டு முதலிடம்: 64,105. உயிரிழந்தவர் 17,884 பேர். நாடு முழுவதும் மாண்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். ஏறத்தாழ 20 பேர் நடந்து போனவர்கள். கார் வாங்க வசதியில்லாதவர்களே இந்தக் கணக்கில் பெரும்பாலோர் என்பதை யாரும் மறுக்க முடியாது.

அதே அறிக்கை, சாவுகளில் நூற்றுக்கு 71-க்கு மேல் அதிவேகத்தால் நேர்ந்தவை என்கிறது. வேகம் கொல்லும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எது அதிவேகம்? ஜல்லி கொட்டிக் கிடக்கும் சாலையில் 40 கிலோமீட்டரே அதிவேகம்தான். அது அதிவேகம் என்று ஓட்டுகிறவருக்குச் சொல்லும் பலகையை நட வேண்டியவர் நடவில்லையென்றால், அந்தச் சாவை ஓட்டுகிறவர் கணக்கில் மட்டும் எழுதுவது எந்த நியாயம்?

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துக்கள் குறித்து 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 2014-இல் சாலைப் பாதுகாப்புக்கென்று ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. 2013 முதல் 2017 வரை ஐந்து ஆண்டுகளில் சாலைப் பள்ளங்களால் மட்டும் 14,926 பேர் மாண்ட விவரம் 2018 டிசம்பரில் அந்த நீதிமன்றத்தின் முன் வந்தது. எல்லையில் மாண்டவர்களைவிட இது அதிகமாக இருக்கக்கூடும் என்று நீதிபதிகளே மனம் வெதும்பினார்கள். பள்ளம் வானத்திலிருந்து விழுவதல்ல. காலத்தில் பூச்சுப் பூசாத சாலையில்தான் பள்ளம் விழுகிறது. பூசாமல் விட்டாலும் சாவு, அரைகுறையாகப் பூசினாலும் சாவு என்றால், ஏழை எந்தச் சாலையில் போவது?

ஐந்து வருஷமும் ஒரு லட்சமும்

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். அலட்சியத்தால் மரணம் விளைவித்த டிரைவருக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் 2 வருஷம் வரை சிறை என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதை 5 வருஷம் வரை உயர்த்திவிட்டது. விபத்துக்குப் பின் தகவல் சொல்லாமல் போனால் 10 வருஷம் வரை என்ற உட்பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் பல மாநிலங்களில் லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்திப் போராடினார்கள். அதன் பலனாக, சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள்.

சாலை போட்டவருக்கு என்ன தண்டனை? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்றொரு பிரிவு சேர்க்கப்பட்டது. சாலையை அமைப்பதிலும் பராமரிப்பதிலும் நிர்ணயித்த தரத்தைக் கடைப்பிடிக்காமல் விட்டு, அதனால் ஒருவர் இறந்தாலோ ஊனமடைந்தாலோ, பொறுப்பான அதிகாரிக்கும் காண்டிராக்டருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அவ்வளவுதான்! அந்தத் தொகையும் நேரே இறந்தவர் வீட்டுக்குப் போவதில்லை. மோட்டார் வாகன விபத்து நிதியில் சேருகிறது.

காண்டிராக்டர் மேல் அலட்சிய மரண வழக்கே போட முடியாது என்று நாம் சொல்லவில்லை. போட முடியும். ஆனால் டிரைவர் மேல் வழக்கு உடனே பாய்கிறது. காண்டிராக்டர் மேல் வழக்கு யாராவது போராடினால்தான் நகர்கிறது. ஒருவருக்கு ஐந்து வருஷச் சிறை, இன்னொருவருக்கு ஒரு லட்சம் அபராதம். இந்தத் தராசு நேராக நிற்கிறதா என்று வாசகர்களே சொல்லட்டும்.

ஆயினும் இந்த 198ஏ பிரிவைத் தூக்கியெறிய வேண்டாம். வழக்கை விசாரிக்கும் கோர்ட்டு, சாலையின் நிலைமையைப் பற்றி என்ன எச்சரிக்கைப் பலகை வைக்கப்பட்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. பலகை இல்லாத புதுத்தார்ச் சாலை சாட்சியமாகும் என்பது இதன் பொருள். சிறிய ஆயுதம்தான், ஆனால் நம் கையிலுள்ள ஆயுதம்.

டிரைவரும் தொழிலாளிதான்

பஸ் டிரைவரை எண்ணிப் பாருங்கள். இத்தனை மணிக்குப் புறப்பட்டு இத்தனை மணிக்குச் சேர வேண்டும் என்று அவருக்கு நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறது. இடையில் ஐந்து கிலோமீட்டர் புதுத்தார் போட்டிருக்கிறார்கள். 16 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நேரம் தவறும்; டிப்போவில் கேள்வி வரும். வேகமாகப் போனால் பிரயாணிகளின் உயிர். சாலை இலாகா டிப்போவுக்கு முன்கூட்டியே தகவல் சொன்னதா? டிப்போ நேரத்தைக் கூட்டிக் கொடுத்ததா? இரண்டும் இல்லாமல், நடுவில் நிற்கிற மனிதரைக் குற்றவாளி ஆக்குகிறார்கள்.

லாரி டிரைவர் நிலைமையோ இன்னும் மோசம். நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று 2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதைக் கடைப்பிடித்த முதலாளிகள் எத்தனை பேர்? தேய்ந்த டயரை மாற்ற வேண்டியவர் முதலாளி. வழுக்கினால் ஜெயிலுக்குப் போகிறவர் டிரைவர்.

பூசுகிறவர்களையும் மறக்க முடியாது. கொதிக்கும் தாருக்குப் பக்கத்தில் வெறுங்காலோடும், காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டும், தலையில் ஜல்லிக்கூடை சுமந்து நிற்கும் ஆண்களும் பெண்களும் நம்மவர்கள். வயலில் வேலையில்லாத மாதங்களில் நிலமற்ற விவசாயத் தொழிலாளியே அங்கு நிற்கிறார். சாலை வேலையில் தார்ப்புகையைச் சுவாசிப்பது புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2011-இல் அறிவித்தது. சூடாக்காமலே தெளிக்கக்கூடிய தார்க்கரைசல் இருக்கிறது. பூட்சும் கையுறையும் கடையில் கிடைக்கின்றன. கிடைக்காதது மனம் ஒன்றுதான்.

சாலைப் பணியாளர்கள் எதற்காக?

சாலையைப் பெருக்கவும், வெடிப்பைக் கண்ட அன்றே அடைக்கவும், ஓரத்து மண்ணை அணைக்கவும் தமிழ்நாட்டில் சாலைப் பணியாளர்கள் இருந்தார்கள். சுமார் பத்தாயிரம் பேரை 2002 செப்டம்பரில் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பியது அன்றைய மாநில சர்க்கார். அவர்கள் போராடினார்கள், குடும்பங்கள் பட்டினி கிடந்தன. 41 மாதங்களுக்குப் பிறகு 2006 பிப்ரவரியில்தான் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். தினமும் அந்தச் சாலையில் நடந்து அதன் ஒவ்வொரு விரிசலையும் அறிந்தவரை அகற்றிவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை யந்திரத்தோடு வந்து போகிற காண்டிராக்டரிடம் சாலையை ஒப்படைத்தால், மறுநாள் துடைப்பம் எடுக்க யார் இருப்பார்கள்?

பணமில்லை என்ற பேச்சு எடுபடாது. நாம் வாங்கும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் டீசலிலும் சாலைக்கென்று செஸ் வாங்க 2000-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்திருக்கிறார்கள். மொபெட்டுக்கு அரை லிட்டர் போடுகிற மில் தொழிலாளியும், டிராக்டருக்கு வாடகை கொடுக்கிற குத்தகை விவசாயியும் சாலைக்குப் பணம் கட்டியவர்கள். ஆகவே நாம் கேட்பது தருமமல்ல, உரிமை.

நாம் கோருவது

1. தார் தெளித்து ஜல்லி தூவிய சாலையில் மறுநாள் வரை போக்குவரத்தை நிறுத்த வேண்டும். முடியாத இடத்தில் 16 கிலோமீட்டர் வேக வரம்பைப் பலகை, கொடி, விளக்கு வைத்து அமல் நடத்த வேண்டும்.

2. ஒட்டாத ஜல்லியைப் பெருக்கி அள்ளியதை அதிகாரி நேரில் பார்த்துக் கையெழுத்திடும் வரை பில் பணம் கொடுக்கக் கூடாது.

3. மழை தொடங்குவதற்கு முன்பே பூச்சு வேலையை முடிக்க வேண்டும்; மார்ச் மாத அவசர வேலை ஒழிய வேண்டும்.

4. விபத்து விசாரணையில் சாலையின் மேற்பரப்பையும் கட்டாயம் பரிசோதித்து எழுத வேண்டும்; தவறிழைத்த காண்டிராக்டர் மீதும் அதிகாரி மீதும் வழக்குப் பதிய வேண்டும்.

5. புதுத்தார் போடும் வழிகளில் ஓடும் பஸ்களுக்கு அந்த நாட்களில் நேரத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

6. காலியாகக் கிடக்கும் சாலைப் பணியாளர் வேலைகளை நிரப்ப வேண்டும். தார் வேலை செய்வோருக்குப் பூட்ஸ், கையுறை, மருத்துவப் பரிசோதனை கொடுக்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உரிமை கேட்பதோடு உயிரையும் காத்துக்கொள்ள வேண்டும். கறுப்பாகப் புதுச்சாலை தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள். முன்சக்கரப் பிரேக்கைத் திடீரென்று பிடிக்காதீர்கள்; திருப்பத்தில் வண்டியைச் சாய்க்காதீர்கள்; லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள், ஜல்லி தெறிக்கும். கோடையில் மினுமினுக்கும் தார்ப்பட்டையைக் கண்டால் முதல் மழையன்று அந்த இடத்தை நினைவில் வையுங்கள்.

வேலை நடக்கும் இடத்தில் நட்டிருக்கும் பலகையைப் படியுங்கள். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலையை 5 வருஷம் பராமரிக்க வேண்டியவர் அதைப் போட்ட காண்டிராக்டரே. பலகை இல்லாத சாலையைச் செல்போனில் படம் எடுத்து, தேதி குறித்து வையுங்கள். சாலைப் பள்ளங்களைப் புகார் செய்ய 2023-இல் தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறை 'நம்ம சாலை' என்ற செயலியைக் கொண்டுவந்தது, அதைப் பயன்படுத்துங்கள். அதோடு நில்லாமல் மே தினத்தன்று கூடும் கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள்: "எங்கள் ஊர்ச் சாலைக்கு எத்தனை கிலோ தார் போட்டீர்கள்? மறுநாள் யார் பெருக்கினார்கள்?"

ஒருவர் கேட்டால் முறைத்துப் பார்ப்பார்கள். ஊரே கேட்டால் கணக்கை எடுத்து வைத்துத்தான் தீர வேண்டும். ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளியும் நடவு முடிந்து திரும்புகிற பெண்ணும் முழு உடம்போடு வீடு சேர்வதற்குத் தேவையானது ஒரு பலகை, ஒரு துடைப்பம், ஒரு நாள் கூலி. அதைக்கூடக் கொடுக்க மனமில்லாதவர்கள், டிரைவர் மேல் குற்றம் சாட்ட எந்த யோக்கியதையும் இல்லாதவர்கள் என்றே நாம் சொல்வோம்.